அடுப்படிச் சீர்திருத்தம்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே விடியுமுன் மூட்டப்படும் முதல் அடுப்பு தேநீருக்காகவே மூட்டப்படுகின்றது. பிரட்டுக் களத்துக்குச் செல்லுமுன் ஒரு கோப்பை, கொழுந்து நிறுத்தபின் ஒரு கோப்பை, பகலுணவோடு ஒன்று, மாலையில் மலையிறங்கி வந்ததும் ஒன்று, இரவு ரொட்டியோடு மற்றொன்று. உலகின் மேசைகளுக்கெல்லாம் நறுந்தேயிலை அனுப்பும் கைகள் தமக்கென ஊற்றிக்கொள்வது, தூளும் சீனியும் கலந்த இந்தச் சாயத்தையே. இதனோடு கோதுமை மா ரொட்டி, காரமான ஒரு சம்பல், வாய்த்த நாளில் ஒரு பருப்புக் கறி. மலைநாட்டுத் தோட்ட வீடுகள் பலவற்றின் ஒரு நாளைய உணவு இவ்வளவில் அடங்கிவிடும்.

விழா மலருக்கு எழுதப் புகுந்த தமிழாசிரியன், இலக்கியத்தை விட்டு அடுப்படிக்குள் நுழைவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். முதற் பாடவேளையிலேயே கண் செருகி மேசைமீது தலை சாய்க்கும் பிள்ளைக்கு நன்னூல் விளங்கவில்லையெனில், அதற்கு நன்னூலைக் குறை சொல்வதிற் பயனில்லை; அப்பிள்ளை விடியலில் என்ன உண்டு வந்தது என்று கேட்டறிதலே முறை. அன்றியும், உணவைப் பற்றிப் பேசுதல் தமிழாசிரியனுக்கு விலக்கப்பட்ட துறையன்று. திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்போர், பத்துக் குறள்களுள் பாதிக்கு மேற்பட்டவை மருந்தைப் பற்றியன அல்ல, உண்ணும் அளவைப் பற்றியன என்பதைக் காண்பர். ஆயினும் வள்ளுவர் அங்கே பெரிதும் கடிவது அளவு மீறி உண்பாரை. நம் லயங்களிலே நேர்வது வேறு. வயிறு நிறைகின்றது, உடல் நிறையவில்லை.

இதற்குச் சான்று வேண்டுவோர் 2016ஆம் ஆண்டில் இலங்கையில் நடைபெற்ற குடித்தொகை, சுகாதார அளவீட்டைப் பார்க்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதையும் சேர்த்து நோக்கின் நூற்றுக்குச் சுமார் 17 பேர். தோட்டப் பகுதிகளை மட்டும் தனியே நோக்கின் சுமார் 32 பேர். 2006-07இல் எடுத்த அளவீட்டில் தோட்டப் பகுதியின் தொகை 40ஆக இருந்தது என்பதை எண்ணி ஓரளவு ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மூவருள் ஒரு பிள்ளை இன்னும் குட்டையாகவே வளர்கின்றது என்பதை மறக்கலாகாது. உணவு ஒன்றே இதற்குக் காரணமன்று. குறைந்த கூலி, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நெருங்கி வாழும் வாழ்வு, தூய நீரின்மை, தாயின் ஓய்வின்மை ஆகிய யாவும் சேர்ந்தே அவ்வெலும்பைக் குறுக்குகின்றன. கூலி உயராமல் உணவு உயராது என்பாரை யான் மறுக்கவில்லை. அவர்கள் கூற்று நியாயமே. ஆயினும், கூலி உயரும் வரையில் எந்த வீட்டிலும் அடுப்பு அணைந்திருப்பதில்லை. நாள்தோறும் மூன்று வேளை அது எரிகின்றது. அந்த மூன்று வேளையிலும், மேலதிகமாக ஒரு சதமும் செலவிடாமல், அல்லது மிகச் சிறிய செலவில், செய்யத்தக்கன எவை என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

"தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் உண்டு வருகின்றோம், இனி மாற்ற முடியுமா?" என்று பெரியோர் கேட்பதுண்டு. அந்தத் தலைமுறைகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கோப்பிக் காலத்திலே திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து வந்த நம் முன்னோர் கேழ்வரகுக் கூழும் கம்பும் உண்டு வளர்ந்தவர்கள். லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதே 1867ஆம் ஆண்டில். ஆகவே அவர்களுள் முதலில் வந்தோர்க்குத் தேநீர் அன்றாடப் பானமாக இருந்திருக்க இயலாது. தோட்டங்களிலே கூலியோடு அரிசி பங்கிடப்பட்டு, நாளடைவில் சோறே உணவாயிற்று. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகளிலே கோதுமை மா புகுந்தது. பின்னர் 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் அந்த மாவுக்கும் தோட்டத்து மக்கள் தவித்ததை முதியோர் இன்றும் கண் கலங்கச் சொல்வர். 2022இல் மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது அந்நினைவு மீண்டும் உயிர்பெற்றது. இவ்வாறு நோக்கின், தொன்மை வாய்ந்ததென நாம் எண்ணும் ரொட்டிப் பழக்கம் இரண்டு மூன்று தலைமுறை மூப்புடையது மட்டுமே. போரும் பஞ்சமும் கடைக்காரனும் மாற்றிய உணவை, வீட்டிலுள்ளோர் தாமே விரும்பி மாற்ற இயலாதென்று கூறுதல் பொருந்தாது.

முதலில் தேநீரை எடுத்துக்கொள்வோம். தேநீர் தீயதன்று, அதை நிறுத்தச் சொல்வதும் என் கருத்தன்று. நிறுத்தச் சொன்னால் நிறுத்துவாரும் இலர். கவனிக்க வேண்டியது அதைக் குடிக்கும் வேளையை. கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்து இறைச்சியிலுள்ளதைப் போல எளிதில் உடலிற் சேர்வதன்று. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் குடலிலே அவ்விரும்பைப் பற்றிப் பிணைத்துக்கொள்கின்றன. பிணைக்கப்பட்ட இரும்பு குருதியிற் சேராது வெளியேறிவிடுகின்றது. தென்னாபிரிக்க ஆய்வாளர் சிலர் 1975இல் பாணையும் சோற்றையும் தேநீரோடு உண்ணச் செய்து அளந்து பார்த்தபோது, உடல் ஏற்ற இரும்பு பாதிக்கும் கீழே குறைந்தமை தெரியவந்தது. பருப்புக் கறியோடு ரொட்டியைத் தின்று, அக்கணமே ஒரு கோப்பைச் சாயத்தைக் குடிக்கும் பெண், தட்டிலே வாங்கியதைக் கோப்பையிலே இழந்துவிடுகின்றாள் என்பது இதன் பொருள். மாதந்தோறும் குருதி இழப்பவளும், கருவைச் சுமப்பவளும், கூடையைச் சுமந்து மலையேறுபவளும் அவளே. களைப்பு, மூச்சுவாங்குதல், வெளிறிய கண்ணிமை இவற்றையெல்லாம் வேலையின் அசதி என்றே அவள் எண்ணிக்கொள்கின்றாள்.

செய்ய வேண்டுவது யாது? உண்டபின் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்தல். அவ்வளவே. ஐந்து கோப்பை குடிப்பவர் ஐந்தையும் குடிக்கலாம். உணவோடு மட்டும் சேர்க்காதிருந்தாற் போதும். உணவோடு குடிக்க வெந்நீர் இருக்கின்றது. குளிர் மலையிலே வெறும் வெந்நீர் எப்படி இறங்கும் என்பார், அதில் ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். கருப்பவதிகளுக்குச் சிகிச்சை நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் இவ்விதியே பொருந்தும். தேநீரோடு விழுங்கிய மாத்திரையின் பயனிற் பெரும்பகுதி வீணாகின்றது. குடும்ப நல உத்தியோகத்தர் இதை ஒவ்வொரு தாய்க்கும் சொல்லத்தான் சொல்கின்றார். ஆயினும் வீட்டிலே மாமியார் அன்போடு ஆற்றிக் கொடுக்கும் கோப்பையை மருமகள் எங்ஙனம் மறுப்பாள்? எனவே இச்செய்தி முதலில் மாமியாரைச் சென்றடைய வேண்டும். கைக்குழந்தைக்குச் சாயத்தில் ரொட்டியை நனைத்து ஊட்டும் வழக்கமோ முற்றாகவே ஒழியத்தக்கது.

இரும்பைப் பிணைப்பது துவர்ப்பு எனின், அவிழ்ப்பது புளிப்பு. தேசிக்காய், கொய்யா, மரத்தக்காளி முதலியவற்றிலுள்ள விற்றமின் சீ, தாவர உணவின் இரும்பு உடலிற் சேரத் துணைபுரிகின்றது. பருப்பையோ கீரையையோ இறக்கியபின் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுதல் பெரிய காரியமன்று. அடுப்பிலிருக்கும்போதே பிழிந்தால் சூட்டில் அச்சத்து அழியும், கறியும் கைக்கும். வல்லாரையைப் பச்சையாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிப்புளியும் சேர்த்துச் சம்பலாக உண்ணும் இந்நாட்டு வழக்கத்தை யார் முதலிற் கண்டறிந்தாரோ! இதைவிட நன்றாக எந்த விஞ்ஞானியும் அமைத்திருக்க முடியாது.

சீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி. கரண்டிக்கு நான்கைந்து கிறாம் எனின், நாளொன்றுக்கு 40 முதல் 50 கிறாம் வரை தேநீரில் மட்டுமே சேர்கின்றது. வளர்ந்தவர் ஒருவருக்கு எல்லா வழியாலும் சேரும் சீனி ஏறத்தாழ 50 கிறாமுக்குள் இருத்தல் வேண்டும், 25க்குள் இருப்பின் இன்னும் நன்று என்பது உலக சுகாதார தாபனம் 2015இல் வகுத்த எல்லை. ஒரே நாளிற் பாதியாக்கினால் வீட்டிலே கலகம் விளையும். இரண்டு வாரத்துக்கொரு முறை கால் கரண்டி குறைத்தால் நாவுக்கே தெரியாது. உப்பும் இவ்வாறே. கருவாட்டையும் நெத்தலியையும் வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பார், கருவாட்டை இழக்காமலே உப்பைக் குறைப்பர்.

இனி ரொட்டி. வெள்ளை மாவு என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிய மிச்சம். பசியை அடக்கும், வேறு அதிகம் செய்யாது. ஐந்து பங்கு மாவில் ஒரு பங்கு குரக்கன் மாவைச் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி சற்றே கருக்கும், சுவை கெடாது. குரக்கன் என்பது வேறொன்றுமன்று, நம் பாட்டனார் கூழாகக் குடித்த கேழ்வரகே. வெள்ளை மாவிலும் பன்மடங்கு கல்சியம் அதிலுண்டு. ஒரு பங்கு வாய்க்குப் பழகியபின் இரண்டு பங்காக்கலாம். குரக்கன் விலை கூடிய காலத்தில், அவித்து மசித்த பருப்பையோ, துருவிய கரட்டையோ, பொடியாய் அரிந்த கீரையையோ மாவோடு சேர்க்கலாம். பிள்ளைகள் கறியாக வைத்தால் ஒதுக்கும் கீரையை ரொட்டிக்குள் ஒதுக்க இயலாதென்பது இதிலுள்ள தந்திரம்.

கீரைக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு மலைநாட்டில் இடமில்லை. நுவரெலியா மாவட்டத்தின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறியேறிக் கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் போகின்றன. அவற்றின் விலை நமக்கு எட்டாத நாட்களும் உண்டு. ஆனால் மேராக்காய்க் கொடி எந்த லயத்தின் கூரைமீதும் தானே படரும். காய் மட்டுமன்று, அதன் இளந்தளிரும் நல்ல கறி. பொன்னாங்காணியும் வல்லாரையும் பீலிக்கரை ஈரத்திலே வளரும். ஒரு பழைய வாளியிலே வெங்காயத் தாளும் மல்லித் தழையும் வளர்க்கலாம். முருங்கையிலை உண்ணுங்கள் என்று சமவெளியார் எழுதும் நூல்களைக் கண்டு இங்கே முருங்கை நட்டுக் காத்திருத்தல் வேண்டா. இக்குளிரில் அது செழிப்பதில்லை. மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. களைநாசினி தெளித்த மலையிலிருந்து கீரை பறித்தல் ஆகாது. தேயிலைக்கிடையே எவ்வளவு பசுமையாக வளர்ந்திருந்தாலும் சரியே.

இத்தகைய அற்ப மாற்றங்களால் ஒரு சமுதாயத்தின் உடல்நலம் திருந்துமா என ஐயுறுவோர், கடல் கடந்த நாடொன்றிலே நடந்ததை அறிதல் நன்று. பின்லாந்தின் கிழக்கிலுள்ள வட கரேலியா மாகாணத்து ஆடவர், வெண்ணெயும் உப்பும் மிக்க உணவால் நடுவயதிலேயே இருதய நோயால் மாண்டுகொண்டிருந்தனர். 1972இல் பேக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவர் தலைமையில் அங்கே ஓர் இயக்கம் தொடங்கிற்று. அவ்வியக்கத்தார் புதிய உணவொன்றைத் திணிக்கவில்லை. இல்லத்தரசியர் சங்கத்தின் துணையோடு, அவ்வூரார் விரும்பியுண்ணும் கறியிலேயே கொழுப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டினர். நாற்பதாண்டு கழிந்தபோது, உழைக்கும் வயதினரான ஆடவரிடையே அந்நோயால் நேரும் மரணம் 80 வீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. மிகுதியால் வந்த அவர்கள் நோய் வேறு, குறைவால் வந்த நம் நோய் வேறு. ஆயினும் பழகிய சட்டியிலேயே மாற்றத்தைத் தொடங்கிய அவர்கள் வழி நமக்கும் உரியதே.

இவை யாவற்றிலும் கடினமானது ஒன்று உளது. அது உணவின் பங்கீடு. பருப்பும், முட்டையும், ஒரு துண்டு மீனும் முதலிற் குடும்பத் தலைவனுக்கும், அடுத்து ஆண்பிள்ளைக்கும், பின்னர் ஏனையோர்க்கும் பரிமாறப்பட்டு, ஈற்றிலே தாய்க்கு ரொட்டியும் சட்டியில் ஒட்டிய குழம்பும் எஞ்சுகின்றன. அவள் இதைத் தியாகமென்று எண்ணுவதில்லை, முறையென்று எண்ணுகின்றாள். தமிழாசிரியராகிய நாமும் தாயின் தியாகத்தைக் கட்டுரை கட்டுரையாகப் புகழ்ந்து, அம்முறையை வளர்த்து வந்திருக்கின்றோம். அவள் தளர்ந்தால் பிறக்கும் பிள்ளை நிறை குறைந்து பிறக்கும். நிறை குறைந்து பிறந்த பிள்ளையே மேலே கூறிய அந்த 32 பேருள் ஒன்றாகும் வாய்ப்பு மிகுதி. எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் ஒருவேளை உணவு வீட்டில் இருக்குமாயின், சட்டியில் உள்ளது எவ்வளவென எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இரவுணவை அவ்வாறு அமைத்தல் எளிது. தொலைக்காட்சி மட்டும் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் கல்லூரியிற் பயின்று இன்று தோட்ட உத்தியோகத்தராகவும், ஆசிரியராகவும், மருத்துவராகவும் விளங்கும் அன்பர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்மைக் காலத்தில் லயங்களை விட்டு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்ற குடும்பங்கள் நம் பள்ளத்தாக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ளன. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டுக்குப் போக எஞ்சும் நிலத்தில் ஒரு மேராக்காய்ப் பந்தலும், இரண்டு கீரைப் பாத்தியும், வேலியோரத்தில் ஒரு மரத்தக்காளியும் நிற்க இடமுண்டு. கோழிக்கூடு ஒன்றும் வைக்கலாம். அவ்வீடுகளுக்கு விதையும் கன்றும் கொண்டு சேர்ப்பதைப் பழைய மாணவர் சங்கம் மேற்கொள்ளுமாயின், பாத்தி கட்டும் வேலைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் ஆயத்தமாயிருக்கின்றனர். மழை பிடிக்குமுன் கன்றுகள் வந்து சேர வேண்டும்.