எரேமியாவின் கடிதமும் துக்க வீட்டில் நமது ஊழியமும்

துக்க வீடுகளில் போதகர்கள் எடுத்து வாசிக்கும் திருமறைப் பகுதிகளுள் எரேமியா 29:11க்குத் தனியிடம் உண்டு. ஊழியத்தின் தொடக்க நாட்களில், ஒரே மகனை இழந்த ஒரு தாயின் முன்னிலையில் நானும் அதனை வாசித்தேன். அமைதியாகக் கேட்டிருந்த அவர், "ஐயா, அப்படியானால் என் பிள்ளை செத்ததும் கர்த்தருடைய நினைவுதானா?" என்று வினவினார். என்னால் விடை கூற இயலவில்லை. அக்கேள்வியே என்னை இப்பகுதியை மீண்டும் ஆராயத் தூண்டியது.

கி.மு. 597இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் தொழில்வல்லோரையும் சிறைப்படுத்திக் கொண்டுபோனான். வீடும் நிலமும் ஆலயமும் இழந்த அம்மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதற்கு முந்திய அதிகாரத்தில், இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறிக்கப்படும் என அனனியா அறிவிக்கிறான். கேட்டோருக்கு அது எத்துணை இனிமையாய் இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்று எழுதினார். வீடு கட்டிக் குடியிருக்கவும், தோட்டம் நாட்டவும், பிள்ளைகளுக்கு மணம் முடிக்கவும், தங்களைச் சிறைப்படுத்திய நகரத்துக்காகவே மன்றாடவும் அவர்களைப் பணித்தார்.

எழுபது ஆண்டுகள் என்பது ஏறத்தாழ ஒரு முழு வாழ்நாள். கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றிய பின்னரே திரும்பும் வழி திறந்தது. கடிதம் வாசிக்கக் கேட்ட முதியோரும் நடுவயதினரும் பெரும்பாலும் அந்நிய மண்ணிலேயே அடக்கம் பண்ணப்பட்டிருப்பர். எனினும் அவ்வாக்குறுதி அவர்களுக்கும் உரியதே. தமிழில் 'உங்கள்' என்னும் சொல் மரியாதை கருதி ஒருவரையும் சுட்டும். இங்குள்ள எபிரேயச் சொல்லோ பலரையே சுட்டுகிறது. தனியொருவரின் இழப்பை விரைவில் ஈடுசெய்வதாக இவ்வசனம் கூறவில்லை. தம் மக்களைத் தேவன் கைவிடார் என்பதே அதன் உறுதி.

நமது மொழிபெயர்ப்பில் 'நினைவுகள்' எனப்படும் சொல் 'ஹாஷப்' என்னும் எபிரேய வினையடியிற் பிறந்தது. எண்ணுதல், திட்டமிடுதல் என்பன அதன் பொருள். ஆதியாகமம் 50:20இல் யோசேப்பு இவ்வினையை இருமுறை ஆளுகிறான்: சகோதரர் எண்ணியது தீமை; தேவன் எண்ணியது நன்மை. சகோதரரின் செயலை அவன் நன்மையென்று அழைக்கவில்லை. தீமை தீமையாகவே நிற்க, அதனால் தோற்கடிக்க இயலாத தேவனுடைய எண்ணம் அதனூடே செயற்படுகிறது. இதைச் சொன்னவன் குழியையும் சிறைச்சாலையையும் கண்டவன். பல ஆண்டுகள் சென்றபின், அழுதுகொண்டிருந்த வேளையில் சொன்னான். அவன் குழியில் கிடந்தபோது விளிம்பில் நின்று எவரும் அவனுக்கு இதைப் போதிக்கவில்லை.

பவுலும் ரோமர் 8:28க்கு வருமுன் மூன்று பெருமூச்சுகளைக் கேட்கச் செய்கிறார்: சிருஷ்டியின் பெருமூச்சு, விசுவாசிகளின் பெருமூச்சு, ஆவியானவரின் பெருமூச்சு. அவற்றைத் தாண்டி 28ஆம் வசனத்துக்கு ஓடுகிற போதகர், பவுல் நடந்த வழியே நடப்பவரல்லர். யோபின் நண்பர் ஏழு நாட்கள் வாய்திறவாது அவனுடன் தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பராயிருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர். லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்த ஆண்டவரும் கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார். நோக்கத்தை அறிந்திருப்பது கண்ணீருக்குத் தடையன்று.

ஆகவே, தேவ நோக்கத்தை நம்புவது வேறு. அதனை விளக்க முற்படுவது வேறு. முன்னது விசுவாசம், பின்னது பெரும்பாலும் நமது அவசரம். அந்தத் தாய் இன்று கேட்பாராயின், அவருடைய மகனின் மரணத்துக்குக் காரணம் சொல்ல நான் துணியேன். 'அறியேன் அம்மா' என்று கூறி அவரருகில் அமர்ந்திருப்பேன். நாற்பதாம் நாளுக்குப் பின் உறவினர் யாவரும் பிரிந்துபோன வேளையிலும் அவ்வீட்டுக்குச் செல்வேன். எழுபது ஆண்டு வாக்குறுதியைச் சுமப்போர்க்கு இரண்டு ஆண்டு ஆறுதல் உதவாது. உடன்நடக்கும் மேய்ப்பனே வேண்டும்.