தோலால் நீர் பருகும் பிராணி

செபராங் பிறையின் வடபகுதியில் உள்ள தாசேக் கெலுகோரில், மாலை மழை பெய்து ஓய்ந்ததும் கால்வாயில் தேங்கிய நீரிலிருந்து, மாடு கதறுகிறதோ என்று ஐயுறும்படி எழுகின்ற கனத்த ஓசை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னஞ்சிறு ஜந்துவின் குரல்தான் என்பதை நேரில் காணாதவர் நம்புவது அரிது. கபில நிற முதுகும், அதன் இருமருங்கிலும் பித்தளைச் சாயலில் ஓடும் அகன்ற பட்டைகளும், உருண்டு திரண்ட உடலும் கொண்ட அந்தத் தவளைக்கு 1831இல் ஜான் எட்வர்ட் கிரே என்னும் ஆங்கிலேய விலங்கியலார் சூட்டிய பெயர் கலூலா புல்க்ரா. நம் வீட்டுத் தொட்டிச்செடிகளின் அடியில் தானே குடியேறி வாழும் இப்பிராணியைத்தான் மேல்நாட்டார் கடையில் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றுகிறார்கள்.

வளர்க்க விரும்புவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய விஷயம் அதன் தோல். தவளை வாயால் நீர் அருந்துவதில்லை. அடிவயிற்றுத் தோலின் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. சுவாசத்திலும் ஒரு பகுதி தோலின் மூலமே நடைபெறுகிறது. ஆதலால் அதன் மேல் படுவதெல்லாம் அதன் உடலுக்குள் போவதற்குச் சமானம். குழாய் நீரிலுள்ள குளோரின் அதற்கு ஆகாது; ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் அது அகன்றுவிடும். குளோரமின் கலந்த நீராயின், வண்ணமீன் கடைகளில் விற்கும் சுத்திகரிப்புத் துளிகளைச் சேர்ப்பதே வழி. கொசுவத்திச் சுருளும் பூச்சிமருந்துத் தெளிப்பும் தவளை இருக்கும் அறையில் கூடவே கூடாது. கையில் எடுப்பதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். எடுத்தே தீரவேண்டுமானால், சோப்பின் சுவடின்றி அலம்பிய ஈரக் கையால் எடுத்து, பிறகு நம் நலத்தின் பொருட்டு மறுபடியும் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளுதல் அவசியம். அதன் மேனியில் சால்மோனெல்லாக் கிருமி இருக்கக்கூடும்.

பெட்டியில் உயரத்தைவிட அகலமே முக்கியம். தென்னைநார்த் தூளை நனைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில், நாலு விரற்கடைக்குக் குறையாமல் பரப்புங்கள். அந்தி மங்கியபின் சற்றே பொறுமையாக நோக்கினால் ஓர் அற்புதத்தைக் காணலாம்: இந்தத் தவளை தலையை முன்னிட்டுத் தோண்டுவதில்லை, பின்னங்கால்களால் மண்ணை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு பின்புறமாகவே அமிழ்ந்து, கடைசியில் இரு கண்கள் மட்டும் மேலே தெரிய அசையாமல் அமர்ந்துவிடுகிறது. இரை விழுங்கும்போது அந்தக் கண்களும் உள்ளே அழுந்தி, உணவைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன!

அதன் வாய் சிறியது. காட்டில் எறும்பும் கரையானுமே அதற்குப் பிரதான ஆகாரம். பறவைத் தீனிக் கடையில் கிடைக்கும் சுவர்க்கோழிகளில் சிறியவற்றைத் தேர்ந்து, கால்சியப் பொடி தூவி, வாரம் இரண்டு மூன்று முறை இரவில் விடுங்கள். எஞ்சியவை தவளையையே கடிக்குமாதலால் காலையில் அப்புறப்படுத்திவிடுங்கள். நம் நாட்டு உஷ்ணம் அதற்கு இயல்பாகவே பொருந்தும். ஆனால் கண்ணாடிமேல் நேர் வெயில் பட்டால் அது உயிருக்கே ஆபத்து.

வளர்த்துச் சலித்தவர்கள் கடையில் வாங்கிய தவளையை இரக்கத்தோடு வயலில் விட்டுவிடுவது உண்டு. அந்த இரக்கம் பெருந்தீங்காக முடியக்கூடும். உலகெங்கும் தவளையினங்களை அழித்துவரும் கைட்ரிட் என்னும் பூஞ்சை, 1999இல் விஞ்ஞானிகளால் இனம் கண்டு விவரிக்கப்பட்டது. அது பற்றுவதும் தோலைத்தான். வியாபாரத்தில் ஊர்விட்டு ஊர் செல்லும் தவளைகளோடு அதுவும் பிரயாணம் செய்கிறது. ஆகவே வேண்டாத தவளையை, வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் ஒப்படையுங்கள். பெட்டியிலிருந்து மாற்றிய நீரையும் கால்வாயில் கொட்டாதீர்கள்.