வயல் வேலைக்கு ஏற்ற கண்ணாடி

அரிவாள் வாங்கும்போது அதன் பதத்தை விரலால் தடவிப் பார்க்கிறோம். மண்வெட்டியைத் தட்டி ஓசை கேட்கிறோம். கூலிங் கிளாஸ் வாங்கும்போது மட்டும் முகத்திற்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறோம். வயலுக்குப் போகிறவருக்குக் கண்ணாடியும் ஒரு பண்ணைக் கருவிதான். அதைத் தேர்ந்தெடுக்கும் முறையை விவசாயப் பெருமக்கள் அறிந்துகொள்வது நலம்.

கண்ணுக்கு வரும் கேடு

வெயிலைவிட முதலில் அஞ்ச வேண்டியது நெல் தாளும் கரும்புச் சோகையும்தான். களை எடுக்கக் குனியும்போது இலை நுனி கண்ணில் கீறுகிறது. கதிரடிக்கும்போது சுணையும் பதரும் பறந்து வந்து விழுகின்றன. சோகை உரிக்கும்போதும், வேலிக்கருவை வெட்டும்போதும் இப்படியே. கீறல் சிறியதுதான், அன்று மாலை கண் சிவந்து நீர் வடியும், அவ்வளவே. ஆனால் அந்தக் கீறல் வழியாகத் தாளில் ஒட்டியிருந்த பூஞ்சாணம் கருவிழிக்குள் புகுந்துவிட்டால் சில நாட்களில் அங்கு வெள்ளையாகப் புண் தோன்றும். புண் ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கும்.

மதுரையில் 1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் முடிய, மத்தியக் கருவிழியில் புண்ணோடு வந்த 434 பேரைக் கண் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதலில் கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சாணமே காரணம். அதில் முதலிடம் ஃபுசேரியத்திற்கு. வாழையில் வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சாணமும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

ஆகவே, கண்ணில் தாள் குத்தினால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடக்கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்திலும் எச்சரிக்கை தேவை. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பைக் குறைத்துக் காட்டும்; உள்ளே பூஞ்சாணம் இருந்தால் அதை வளரவிடும். சுத்தமான நீரில் கழுவிவிட்டு, மறுநாளும் உறுத்தல் இருந்தால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். அறுப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இனி வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படுவதால் வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மீது சதை வளர்கிறது. கண்புரை வருவதற்கும் அது ஒரு காரணம். நடவு வயலில் தேங்கிய நீரிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கீழிருந்தும் தாக்குவதால் தொப்பி மட்டும் போதாது.

கருப்பு நிறம் காப்பு அல்ல

நிறம் அடர்த்தியாக இருந்தால் கண்ணுக்கு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைப்பது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணின் பாவை விரிந்துகொள்ளும். அக்கண்ணாடிக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை இல்லாவிட்டால், விரிந்த பாவை வழியாக அக்கதிர் அதிகமாகவே உள்ளே செல்லக்கூடும்.

'யு.வி. 400' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்பது அதன் பொருள். ஆனால் ஒட்டுச்சீட்டை யாரும் ஒட்டலாம். கண்ணாடிக் கடைகள் சிலவற்றில் இதை அளக்கும் சிறு கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கு போதும். அதன் கீழ் ரூபாய் நோட்டின் எண்கள் ஒளிரும். விளக்குக்கும் நோட்டுக்கும் இடையே கண்ணாடியைப் பிடியுங்கள். ஒளிர்வு மறைந்தால் கண்ணாடி அக்கதிரைத் தடுக்கிறது. மறையாவிட்டால் வேறு கண்ணாடி பாருங்கள். விளக்கை மட்டும் நேராகப் பார்க்க வேண்டாம்.

உடையாத கண்ணாடி

சாதாரணக் கண்ணாடி வில்லையில் கல் பட்டால் சில்லு கண்ணுக்குள்ளேயே போகும். வயல் வேலைக்குப் பாலிகார்பனேட் வில்லையே ஏற்றது. இது எடை குறைந்தது, எளிதில் நொறுங்காது. நிறமே இல்லாத பாலிகார்பனேட்டும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தன்னியல்பாகவே தடுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 5983. வெளிநாட்டுச் சரக்கில் இ.என். 166 என்ற எண் இருக்கும். அத்துடன் 'எஃப்' எழுத்தும் பொறித்திருந்தால், நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டைத் தாங்கும் என்று பொருள். புல்வெட்டும் இயந்திரம் பயன்படுத்துவோர் இதைக் கவனித்து வாங்க வேண்டும். இயந்திரத்துடன் தரும் கம்பி வலை முகமூடி கல்லைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது. அதன் உள்ளேயும் கண்ணாடி அணிய வேண்டும்.

சட்டம் நைலானாக இருக்கட்டும். உலோகச் சட்டம் வியர்வையில் துருப்பிடிக்கும், வெயிலில் சுடும். பக்கவாட்டில் மறைப்பு அவசியம். நெல் தாள் நேரே வந்து குத்துவதில்லை, ஓரமாகத்தான் வருகிறது. கடையிலேயே போட்டுக்கொண்டு, நாற்று நடுவது போல் குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள். நழுவினால் அது உங்களுக்கு ஏற்றதல்ல, அல்லது பின்னால் கயிறு கட்ட வேண்டும். புருவத்தின் மேல் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் தூசியும் நுழையும்.

வேலைக்குத் தக்கபடி

கதிரடிப்பு, தூற்றுதல், மாலையில் சோகை உரித்தல் ஆகியவற்றிற்கு நிறமற்ற கண்ணாடியே போதும். உச்சி வெயிலுக்குச் சாம்பல் நிறம் நல்லது. பொருள்களின் நிறத்தை அது அதிகம் மாற்றாது. மஞ்சள், பச்சை வில்லை வழியாகப் பார்த்தால் பயிரின் வெளிறலைத் தவறாக மதிப்பிட நேரும். இலை வண்ண அட்டையை வைத்துத் தழைச்சத்து இடுவோர் எந்த நிறக் கண்ணாடியானாலும் கழற்றிவிட்டே ஒப்பிட வேண்டும். ஒளி மறைப்பு வகை எண் 3 என்றிருந்தால் 8 முதல் 18 சதவீத வெளிச்சமே உட்செல்லும். நம் வெயிலுக்கு இது போதும். வகை எண் 4 அணிந்து டிராக்டர் ஓட்டக்கூடாது. போலராய்டு கண்ணாடி நீரின் பளபளப்பைக் குறைக்கும். கூடுதல் காசு இருந்தால் வாங்கலாம், கட்டாயமில்லை.

பூச்சிமருந்து தெளிக்க இவை எதுவும் உதவாது. அதற்கு முகத்தோடு ஒட்டி உட்காரும் காகில்ஸ் வேண்டும். அதன் காற்றுத் துளைகள் நேராகத் திறந்திருக்காமல் மறைவாக அமைந்திருக்க வேண்டும். பார்வைக் கண்ணாடி அணிவோர் அதன் மேலேயே மாட்டக்கூடிய பெரிய அளவைக் கேட்டு வாங்கலாம். உள்ளே ஆவி படிந்தால் தெளிப்பதை நிறுத்தி, வயலைவிட்டு வெளியே வந்து, கையைக் கழுவிய பிறகே கழற்றுங்கள். மருந்து கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான நீரைக் குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எத்தனை வேண்டும்?

களை எடுப்பதும் தூற்றுவதும் பெரும்பாலும் பெண்கள். கண்ணாடி வாங்கும் வீடுகளிலோ அது ஆண்களுக்கே வாங்கப்படுகிறது. வயலில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் தனிக் கண்ணாடி தேவை. ஒன்றையே மாற்றி மாற்றி அணிந்தால் கண் நோய் தொற்றும். நிறமற்ற சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியின் விலை ஒரு புட்டிப் பூச்சிமருந்தின் விலைக்குள் அடங்கும். பெண்களின் முகத்திற்குப் பொருந்தும் சிறிய அளவும் கிடைக்கிறது.

வேலை முடிந்ததும் முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியைப் போக்கி, பிறகு சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். முந்தானையாலோ துண்டாலோ உலர்ந்த தூசியோடு துடைத்தால் கீறல் விழும். பெட்ரோல், தின்னர் பட்டால் பாலிகார்பனேட் வெடிப்பு விடும். வெடிப்பு விட்ட வில்லையும், பெரிய கல் பட்ட வில்லையும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டியவை. துணிப் பையில் போட்டு, மருந்துப் புட்டிகள் இருக்கும் இடத்தில் வைக்காமல், காலையில் எடுத்துச் செல்லும் தூக்குச் சட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.