வீட்டு வாத்துகளின் நோயும் பரிகாரமும்

தறித் தொழில் புரியும் நம் அங்கத்தினர் பலர் புறக்கடையில் நான்கைந்து வாத்துகளையும் வளர்த்து வருகின்றனர். நிலமுடையோர் வீடுகளிலும் அப்படியே. முட்டைக்கென்று தொடங்கிய வளர்ப்பு நாளடைவில் பாசமாக மாறிவிடுகிறது; குழந்தைகள் பெயரிட்டு அழைக்கின்றனர். ஆகவே ஒரு வாத்து சோர்ந்து படுத்தால் வீடே கலங்குகிறது. அந்தக் கலக்கத்தில் நாம் செய்யும் முதற்காரியம், கோழிக்கென்று விற்கும் மருந்தொன்றை வாங்கி வந்து அதன் வாயில் ஊற்றுவதுதான். நோய் இன்னதென்று அறியுமுன் கொடுக்கும் மருந்து பெரும்பாலும் வீண். சில வேளை கேடு.

வாத்து தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. நம் கண்ணில் படும்போது வியாதி முற்றியிருக்கும். எனவே நாள்தோறும் காலையில் கொட்டிலைத் திறக்கும்போதே கவனித்தல் நலம். எது கடைசியாக வெளிவருகிறது? எது தீனியை நாடவில்லை? எச்சம் நீர்த்திருக்கிறதா? கண்ணில் நீர் வடிகிறதா? மாறுதல் கண்ட வாத்தை உடனே தனியிடத்தில் வைத்து, தூய நீரும் நிழலும் அளித்து, பின்னரே காரணத்தை ஆராய வேண்டும்.

அடிக்கடி காணும் குறை கால் தளர்ச்சி. இவ்வொரு குறைக்கே பல காரணங்கள் உண்டு. நொய்யை மட்டுமே தின்று வளரும் இளங்குஞ்சு கால் வளைந்து நடக்கத் தடுமாறினால், 'நியாசின்' என்னும் வைட்டமின் குறைவு என்று ஐயுறலாம். வாத்துக் குஞ்சுக்குக் கோழிக் குஞ்சைவிட இச்சத்து மிகுதியாகத் தேவை. தீனியில் ஈஸ்ட் தூள் கலந்து, சிறு மீனும் கொடுத்துவரின், தொடக்கத்திலேயே கண்ட குறை நீங்கும். வளர்ந்த வாத்து ஒரு காலை மட்டும் நொண்டினால் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அங்கே வீக்கமும் கரும் பொருக்கும் இருப்பின், கரடான தரையில் நடந்ததால் உண்டான புண் அது. வெதுவெதுப்பான உப்பு நீரில் காலை ஊறவைத்துக் கழுவி, அயோடின் மருந்து தடவி, மெத்தென்ற வைக்கோலில் விடுவது பரிகாரம். வீக்கம் பெருகின் மருத்துவரிடம் காட்டுக.

கோடையில் கால், இறகு, கழுத்து யாவும் ஒருசேரத் துவண்டால், வற்றிய குட்டையில் அழுகிய பொருளையோ புழுக்களையோ தின்றதால் நஞ்சேறியிருக்கலாம். அக்குட்டைக்கு மற்ற வாத்துகளை விடாது தடுத்து, நோயுற்றதற்குத் தூய நீர் புகட்ட வேண்டும். நஞ்சு சிறிதளவாயின் சில நாளில் தேறும்.

தீனியும் நஞ்சாவதுண்டு. சென்ற மழைக்காலத்தில் நமக்குத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர் வீட்டில் ஆறு குஞ்சுகளில் மூன்று ஒரே வாரத்தில் மடிந்தன. இரண்டு வகை மருந்துகள் கொடுத்தும் பலனில்லை. நாம் சென்று தீனிப் பானையைத் திறந்து பார்த்தபோது, கடலைப் பிண்ணாக்கில் பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிகளும் வாத்துக் குஞ்சுகளும் இவ்வாறு மடிந்தன. ஆராய்ந்ததில், கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய 'அப்லாடாக்சின்' நஞ்சே காரணமெனத் தெரிந்தது. அந்நஞ்சு ஈரலைக் கெடுக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. கொதிக்க வைத்தாலும் அகலாது. நம் நண்பர் பிண்ணாக்கைக் குழியிலிட்டு மூடினார். எஞ்சிய மூன்றில் இரண்டு பிழைத்தன.

எல்லாவற்றினும் கொடியது வாத்துப் பிளேக். 1923-இல் ஹாலந்தில் முதன்முதல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ் நோய் 1963-இல் வங்காளத்தில் காணப்பட்டது. வாத்து வெளிச்சத்துக்குக் கூசிக் கண்ணை மூடும், தாகம் மிகும், பச்சையாய்ப் பேதியாகும், திடீரென மடியும். இதற்குச் சிகிச்சை இல்லை, தடுப்பூசியே காப்பு. குஞ்சுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் போட்டு, ஆண்டுதோறும் மீண்டும் போடுவது முறை.

பல வாத்துகள் ஒருங்கே மடிந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். 2014-ஆம் ஆண்டு கேரளத்துக் குட்டநாட்டில் அந்நோய் வாத்து மந்தைகளைத் தாக்கியது. மனிதருக்கும் பரவக்கூடியதாகையால், இறந்தவற்றை வெறுங்கையால் தொடவோ, சமைக்கவோ, குளத்தில் எறியவோ கூடாது. கால்நடை மருத்துவமனைக்கு உடனே தெரிவிப்பது நம் கடமை.

இங்கே கூட்டுறவின் பயன் விளங்கும். தடுப்பு மருந்து பல பறவைகளுக்குப் போதுமான அளவில் ஒரே குப்பியில் வருகிறது. கரைத்தபின் சில மணி நேரத்தில் பயன்படுத்திவிட வேண்டும். நான்கு வாத்து உடையவர் தனியே ஒரு குப்பியைத் திறப்பது எங்ஙனம்? தெருவார் ஒன்றுகூடி ஒரு நாளைக் குறித்து, கால்நடை மருத்துவரை அழைத்தால் எல்லார் வாத்துகளும் காக்கப்படும். ஒரு வீட்டில் விடுபட்ட வாத்து ஊர்க்குளம் முழுவதற்கும் நோயைக் கொண்டுவரக்கூடும். ஆதலின் அடுத்த கூட்டத்திலேயே இதனைப் பேசி முடிவு செய்வோமாக.