பொம்மைப் பாம்பும் அட்டை மனிதர்களும்

1982 பிப்ரவரி. பிபிசியில் 'டாக்டர் ஹூ' தொடரின் 'கிண்டா' கதை முடியும் தறுவாய். காட்டுக்கு நடுவே வட்டமாகக் கண்ணாடிகளை நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே ஒருவன் சிக்கியிருக்கிறான். அவனுக்குள் புகுந்திருக்கும் தீய சக்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகத்தையே பார்த்தாக வேண்டும். தீமையால் தாங்க முடியாத ஒன்று உண்டென்றால் அது தன் முகம்தான். அதனால் அவன் உடம்பை விட்டு வெளியே வந்தே தீர வேண்டும். நான்கு பாகங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிய அச்சமெல்லாம் திரண்டு நிற்கிற அந்த நொடியில் அது வருகிறது: ஒரு பெரிய பொம்மைப் பாம்பு.

அந்தப் பாம்பைப் பற்றி ரசிகர்கள் இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். செலவுக்குக் காசில்லாமல் எடுக்கப்பட்ட பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடர்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், அது கடைசியில் இப்படிப்பட்ட ஒரு பாம்பில்தான் வந்து நிற்கும். ஒரு கட்சி, இதெல்லாம் குப்பை, சின்ன வயதில் பார்த்த பாசத்தில் தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்று சொல்லும். இன்னொரு கட்சி, அதுதானே அழகு, அந்த அசட்டுத்தனத்துக்காகத்தான் பார்க்கிறோம் என்று சொல்லும். இரண்டாவது கட்சியோடுதான் எனக்கு அதிக மனத்தாங்கல். எழுதியவரும் நடித்தவர்களும் அசட்டுத்தனம் செய்ய வரவில்லை. 'கிண்டா'வை எழுதிய கிறிஸ்டோபர் பெய்லிக்குப் பௌத்தத்தில் ஈடுபாடு உண்டு. கதையில் கண் தெரியாத ஞானியின் பெயர் பன்னா, அவளோடு வரும் பெண் கருணா. ஆளைப் பிடிக்கும் அந்தப் பாம்புதான் மாரா. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனேதான். மணிமேகலை படித்தவர்களுக்குப் பழகிய பெயர். இவ்வளவு யோசித்து எழுதியவரின் கதையைப் பார்த்து, அசடாக இருப்பதால் பிடிக்கிறது என்று சொன்னால் அது பாராட்டாகுமா?

பாம்பு மோசம்தான். அதை ஒப்புக்கொண்டுவிட்டே மேலே பேசுவோம்.

இந்தத் தொடர்கள் எடுக்கப்பட்ட விதம் தெரிந்தால் பாம்பு ஏன் அப்படி இருந்தது என்பதும் புரியும். நடிகர்கள் வேறோர் இடத்தில் நாள்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். பிறகு பிபிசியின் லண்டன் டெலிவிஷன் சென்டரில் இரண்டு மூன்று நாள் ஸ்டுடியோ கிடைக்கும். நாலைந்து கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓடும். இயக்குநர் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து எந்த கேமராவின் படம் பதிவாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். காட்சி முடியவில்லை என்றாலும் அணைப்பார்கள். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பாம்பு சரியாக ஆடவில்லை என்றால், ஆடியவரைக்கும்தான். வெளிப்புறக் காட்சிகளைப் பல காலம் 16 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள்; உட்புறம் வீடியோ நாடா. கதவைத் திறந்து வெளியே வந்தால் உலகத்தின் நிறமே மாறிவிடும். வேற்றுக் கிரகம் என்றால் பெரும்பாலும் ஏதாவதொரு கல்குவாரி.

இப்படி எடுக்கும் முறையின் வேர் நாடக மேடையில் இருக்கிறது. 1953இல் நைஜல் நீல் எழுதிய 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமெண்ட்' தொடர் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து நேரலையாகப் போனது. கடைசிப் பாகத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் சுவரில் ஒரு வேற்றுலக உயிர் படர்ந்திருக்க வேண்டும். அபேயின் புகைப்படத்தைப் பெரிதாக்கி, அதில் ஓட்டை போட்டு, இலைதழைகள் ஒட்டிய கையுறைகளை மாட்டிக்கொண்டு நீலே பின்னாலிருந்து கையை நீட்டி அசைத்தார். எழுதியவரின் கையே அரக்கன். அந்தப் பாகம் பதிவாகவே இல்லை. ஆறு பாகங்களில் முதல் இரண்டு மட்டும்தான் இன்று இருக்கின்றன.

1975இல் வந்த 'டாக்டர் ஹூ'வின் 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' கதையில் நோவா என்ற தலைவன் மெல்ல மெல்லப் பூச்சியாக மாறுகிறான். முதலில் கை மாறுகிறது. அவன் அதைச் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கிறான். பச்சை வண்ணம் அடித்த பபிள் ராப். அப்போது அந்தப் பொருள் வீடுகளுக்கு இன்னும் அவ்வளவாக வந்திருக்கவில்லை. பார்த்தவர்களில் பலருக்கு அது என்னவென்றே தெரிந்திருக்காது. இன்று குழந்தைக்கும் தெரியும். பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனால் கையை விட்டுவிட்டு நோவாவின் முகத்தைப் பாருங்கள். அந்தக் கை தன்னுடையதல்ல என்று நம்ப முயல்கிறான். மற்ற கையால் அதைப் பிடித்து அடக்கப் பார்க்கிறான். நடித்த கென்டன் மூர் அதை ஒரு நொடிகூடப் பிளாஸ்டிக்காக நினைக்கவில்லை. நான் பார்க்கும்போது எனக்கும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

காசில்லாததையே வழியாக்கிக்கொண்டவர்களும் உண்டு. ஏடிவி எடுத்த 'சஃபயர் அண்ட் ஸ்டீல்' தொடரின் இரண்டாவது கதை எட்டுப் பாகம். கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம், அதில் ஜோவன்னா லம்லி, டேவிட் மெக்கலம், இன்னும் ஓரிருவர். அரக்கன் கிடையாது. இருட்டு இருக்கிறது, யாரோ சீட்டியடிக்கும் சத்தம் இருக்கிறது. அதில் ஏளனம் செய்ய எதையும் காட்ட மாட்டார்கள்.

'பிளேக்ஸ் செவன்' அப்படித் தப்பிக்கவில்லை. 'டாக்டர் ஹூ'வில் வரும் எதிரிகளான டாலெக்குகளைக் கற்பனை செய்த டெர்ரி நேஷன் உருவாக்கிய தொடர் அது. 1978 முதல் 1981 வரை 52 பாகங்கள். கொடுங்கோல் ஆட்சியை எதிர்க்கிற கலகக்காரக் கூட்டத்தின் கதை. அட்டைச் சுவரும் மாதிரிக் கப்பலும் அதில் தாராளமாக உண்டு. ஆனால் 1981 டிசம்பர் 21 அன்று, கிறிஸ்துமசுக்கு நான்கு நாள் முன்னால், அது முடிந்த விதம் இருக்கிறதே! கூட்டத்தில் ஒருவனான ஏவன் தன் பழைய தலைவன் பிளேக்கைத் துரோகி என்று தவறாக நினைத்துச் சுட்டுவிடுகிறான். தோழர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். காவலர்கள் சூழ, பிளேக்கின் உடலுக்கு மேல் நிற்கும் ஏவன் துப்பாக்கியை உயர்த்துகிறான், பிறகு புன்னகைக்கிறான். படம் மறைகிறது. சுடும் சத்தம் மட்டும் கேட்கிறது. ஏவனாக நடித்த பால் டாரோவின் அந்தப் புன்னகைக்கு என்ன அர்த்தம் என்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த அறையின் சுவர் எதனால் ஆனது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தரத்தை நிர்ணயிப்பது பணமா என்ற கேள்விக்கு ரசிகர்களே, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். 2009இல் 'டாக்டர் ஹூ' பத்திரிகை அதுவரை வந்த 200 கதைகளையும் வரிசைப்படுத்தும்படி வாசகர்களைக் கேட்டது. முதலிடம் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆன்ட்ரோசானி'. இருநூறாவது இடம் 'தி ட்வின் டைலெமா'. இரண்டும் 1984 மார்ச் மாதத்தில் வந்தவை. முதல் கதை 16ஆம் தேதி முடிந்தது, அடுத்தது 22ஆம் தேதி தொடங்கியது. இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒருவரேதான், நிறுவனமும் ஒன்றேதான். அடுத்தடுத்த கதைகளில் ஒன்று சிகரம், மற்றது பாதாளம்.

'ஆன்ட்ரோசானி'யிலும் கோளாறு உண்டு. குகையில் திரியும் மேக்மா மிருகம் படுமோசம்; யாரும் அதற்கு வக்காலத்து வாங்குவதில்லை. ஆனால் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய கதை நேரானது. தொடரின் நாயகனான டாக்டரும் அவரோடு வந்த பெரி என்ற பெண்ணும் முதல் பாகத்திலேயே விஷத்தைத் தொட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு டாக்டருக்கு உலகத்தைக் காப்பாற்றும் வேலை எதுவும் இல்லை. சண்டையிடுபவர்கள் தங்களுக்குள் அழிந்துகொண்டிருக்க, அவர் அந்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஓடுகிறார். கடைசியில் மாற்று மருந்து ஒருவருக்குத்தான் போதுமானதாக இருக்கிறது. அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சாய்கிறார்; சாகும் தறுவாயில் வேறு உருவெடுப்பது அவர் இயல்பு. இயக்குநர் கிரேம் ஹார்ப்பர் மேலே கண்ணாடி அறையில் உட்காராமல் கீழே இறங்கி வந்து, நடிகர்களுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தார். கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடவிட்டார். முகமூடி அணிந்த ஷராஸ் ஜெக்காக நடித்த கிறிஸ்டோபர் கேபிள் பாலே நடனக் கலைஞர். பாதி முகம்கூடத் தெரியாமல் உடம்பாலேயே வெறியைக் காட்டுகிறார்.

'ட்வின் டைலெமா'வுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள், ஆண்டின் கடைசிக் கதைக்கு வரும்போது காசு தீர்ந்துபோயிருந்தது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் புதிதாக உருமாறிய டாக்டர் அந்தக் கதையின் முதல் பாகத்திலேயே பெரியின் கழுத்தை நெரிக்கிறார். போன வாரம் அவளுக்காக உயிரைக் கொடுத்தவர்! அந்தக் காட்சியை எழுதக் காசு ஒன்றும் செலவாகவில்லை. எழுதாமல் விட்டிருந்தாலும் செலவில்லை. சூரியனை வெடிக்கவைத்துத் தன் முட்டைகளைப் பரப்பத் துடிக்கும் ராட்சத நத்தைக்கு எவ்வளவு நல்ல வேஷம் போட்டிருந்தாலும் அந்தக் காயம் ஆறியிருக்காது.

ரசிகர்களின் தீர்ப்பு எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 1976இல் இதே ஹோம்ஸ் எழுதிய 'தி டெட்லி அசாசின்' வந்தபோது, அப்போதுதான் தொடங்கியிருந்த ரசிகர் சங்கத்தின் தலைவரே அதைக் கிழித்து எழுதினார். டாக்டரின் இனமான டைம் லார்டுகளின் மகிமை போய்விட்டது என்பது அவர் வருத்தம். இன்று அது தொடரின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்றாக வைக்கப்படுகிறது. 1986 டிசம்பரில் பிபிசியின் 'ஓப்பன் ஏர்' நிகழ்ச்சியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், அந்த ஆண்டின் கதை பழைய சரக்கு என்று எழுத்தாளர்களின் காதுபடவே சொன்னான். அவன் பெயர் கிறிஸ் சிப்னால். 2018 முதல் 2022 வரை தொடரைத் தலைமையேற்று நடத்தியவர் அவரே. அவருடைய காலத்துக் கதைகளைப் பற்றியும் ரசிகர்கள் அதே சூட்டோடு சண்டை போட்டார்கள். அவர் எடுத்தபோது பட்ஜெட் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது.

2011இல் 'கிண்டா' டிவிடியாக வந்தது. அதில் பழைய பாம்புக்குப் பதில் கணினியில் வரைந்த பாம்பை வைத்துப் பார்க்க வசதி செய்திருந்தார்கள். புதிய பாம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வழவழப்பாக நெளிகிறது. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கதை முன்பிருந்ததைவிட உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ஏனென்றால் இந்தக் கதையில் என்னை உலுக்குகிற இடம் பாம்பு வருவதல்ல.

அது அதே கடைசிப் பாகத்தில், பாம்புக்கு முன்னால் வருகிறது. ஹிண்டில் என்ற இளம் அதிகாரிக்குக் காட்டின் மீதிருந்த பயத்தால் புத்தி பேதலித்துவிட்டது. முகாமுக்குள் அட்டையை வெட்டி ஒரு நகரமே கட்டியிருக்கிறான். அதில் அட்டை மனிதர்கள் குடியிருக்கிறார்கள். முகாமோடு எல்லோரையும் வெடிவைத்துத் தகர்க்கத் தயாராக இருக்கிறான். டாக்டர் அவனைத் தாஜா செய்து பேசிக்கொண்டிருக்கும்போது அட்டை மனிதன் ஒருவன் பிய்ந்துவிடுகிறான். பரவாயில்லை, பசை போட்டு ஒட்டிவிடலாம் என்கிறார்கள். ஹிண்டிலாக நடிக்கும் சைமன் ரவுஸின் முகம் கோணுகிறது. மனிதர்களை ஒட்டவைக்க முடியாது என்று கதறுகிறான். ஸ்டுடியோ விளக்கின் வெளிச்சத்தில், அட்டைச் சுவர்களுக்கு நடுவே, ஒரு வளர்ந்த ஆண் தரையில் கிடந்து அட்டைத் துண்டுக்காக அழுகிறான்.