கரும்பு சேர்க்கும் சர்க்கரை

அம்மையார்குப்பம் என்றதும் தறிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். ஊரைத் தாண்டி ஆர்.கே. பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கம் போனால் கழனிகளில் நெல்லோடு கரும்பும் நிற்கும். இந்த வட்டாரத்துக் கரும்பை அரைக்க திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள சித்தூர், வெல்லத்துக்குப் பேர்போனது.

கரும்பு புல் வகை; நெல்லுக்குச் சொந்தம். வெயிலில் தயாரித்த உணவை நெல் தானியத்தில் மாவுச்சத்தாகச் சேர்க்கிறது; கரும்போ தண்டில் சர்க்கரையாகச் சேர்க்கிறது. செடி அந்தச் சேமிப்பைத் தானே செலவழித்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கரும்பு விவசாயத்தின் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது.

ஒரு துண்டுக் கரும்பை எடுத்துக் கணுவை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் கூர்முனையோடு ஒரு பரு. அந்த இடத்தில் தண்டைச் சுற்றி வளையமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். மண்ணின் ஈரம் பட்டால் அவை வேராகும். அடுத்த கணுவில் பரு எதிர்ப்பக்கம் இருக்கும். முழுக் கரும்பைப் புதைத்தால் நுனிப் பரு முந்திக்கொண்டு முளைத்து, கீழே உள்ள பருக்களை எழவிடாது. அதனால்தான் இருபரு, முப்பருக் கரணைகளாக நறுக்கி நடுகிறார்கள். விதைக்கரும்புக்கு 6 முதல் 8 மாத வயதே ஏற்றது. கடித்தால் தித்திக்கும் முற்றிய கரும்பு விதைக்கு அவ்வளவாக ஆகாது. பரு முளைக்கும்போது சட்டென்று எடுத்துக்கொள்ளக்கூடிய குளுக்கோஸ் இளங்கரும்பில்தான் அதிகம்.

இருபருக் கரணை என்றால் ஹெக்டேருக்கு 75,000 வேண்டும். இப்போது பருவை மட்டும் சீவியெடுத்து, குழித்தட்டில் நாற்று வளர்த்து, 5 அடிப் பார் விட்டு ஏக்கருக்கு 5,000 நாற்று நடும் முறையும் வந்திருக்கிறது.

கரணை நட்டால் தாய்க்கரும்பின் குணம் அப்படியே வரும். புது ரகம் வேண்டுமென்றால் பூவும் விதையும் தேவை. கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே தொடங்கப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். அங்கே சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பை, இனிப்பு குறைந்த ஆனால் வறட்சி தாங்கும் நாணல் சாதிக் காட்டுக் கரும்போடு சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த 'கோ 205' ரகம் 1918-இல் வடஇந்திய வயல்களுக்குப் போனது. பட்டினத்தாருக்குத் திருவொற்றியூரில் பேய்க்கரும்பு இனித்தது என்பது ஐதீகம். கோவையில் காட்டுக் கரும்பின் வம்சத்தையே இனிக்க வைத்தார்கள். தமிழகத்தில் இன்று பரவலாகப் பயிராகும் 'கோ 86032' ரகமும் அந்த நிலையம் தந்ததுதான்.

ஆராய்ச்சி நிலையத்துக்கு வேண்டிய பூ, கழனிக்கு வேண்டாத விருந்தாளி. பூத்த கரும்பு வளர்ச்சியை நிறுத்திவிடும். நாளானால் உள்ளே சக்கை பாயும். யூரியாவைக் காலம் கடந்து போட்டாலும் கெடுதல்தான். முற்ற வேண்டிய நேரத்தில் பயிர் புதுத் தழை விட்டு, சர்க்கரையைச் செலவழிக்கும். குளிர்ந்த, வறண்ட நாட்களில் வளர்ச்சி தணிந்து இனிப்பு ஏறும். வெட்டுவதற்கு முன் தண்ணீரைக் குறைப்பதும் இதற்காகத்தான்.

இனிப்பு முதலில் அடிக்கணுக்களில் ஏறி, பிறகு மேலே போகும். இனிப்பை அளக்கும் கைக்கருவியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு அடியையும் நுனியையும் ஒப்பிடுவார்கள். இரண்டும் நெருங்கிவிட்டால் கரும்பு முற்றியது என்று அர்த்தம். வெட்டும்போது மண்ணை ஒட்டி வெட்ட வேண்டும். ஒரு சாண் கட்டை விட்டால் நல்ல சர்க்கரையை நிலத்திலேயே விட்டதாகும். கொழுந்தாடை மாட்டுக்குப் போகும். மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்து மறுதாம்பு, அதாவது அடுத்த பயிர், கிளம்பும்.

வெட்டிய பிறகும் கரும்பு சும்மா இருக்காது. அதிலுள்ள நொதிகள் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கத் தொடங்கும். இவை பாகில் தங்குமே தவிர, எளிதில் படிகமாகாது. எனவே 24 மணி நேரத்துக்குள் அரைப்பது நல்லது.

100 கிலோ கரும்பு அரைத்தால் சுமார் 30 கிலோ சக்கை மிஞ்சும். அது ஆலையின் கொதிகலனை எரிக்கும், மின்சாரம் தரும். கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் காகிதமாகவும் ஆகும். நான்கைந்து கிலோ கழிவுப்பாகிலிருந்து எத்தனால் வடிக்கிறார்கள். ஆலைக் கசடு எருவாகக் கழனிக்கே திரும்பும். சர்க்கரையாகக் கிடைப்பது 9, 10 கிலோதான்.

விலையும் அந்த 9, 10 கிலோவைப் பொறுத்தே அமைகிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு) குவிண்டாலுக்கு 355 ரூபாய் நிர்ணயித்தது. ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்வது ஆலையின் சராசரிப் பிழிதிறனை. தனித்தனி விவசாயியின் கரும்பை அல்ல. பதம் பார்த்து, மண்ணோடு ஒட்டி வெட்டியவருக்கும் அரைகுறையாக வெட்டியவருக்கும் டன்னுக்கு ஒரே விலை. வெட்டிய கரும்பு லாரியில் காய்ந்தால் எடை குறைந்த நஷ்டம் விவசாயிக்கு. சர்க்கரை குறைந்த நஷ்டம் ஆலைக்கு. அந்தக் குறைவு ஆலையின் சராசரியையும் இழுத்துவிடும். அதனால் ஆலை தரும் வெட்டு உத்தரவு, வெட்டும் ஆட்கள், லாரி மூன்றும் ஒரே நாளில் கூடிவருவது கரும்புக்காரருக்கு உரத்தைவிட, தண்ணீரைவிடக் குறைந்த விஷயமல்ல.