மொச்சையை ஃபிரீசரில் வைக்குமுன்

மார்கழி, தை வந்தால் புள்ளலூர் போன்ற காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் பச்சை மொச்சைக் காலம். விலை விழுந்த வாரத்தில் சந்தைக்குக் கொண்டுபோன ஆட்டோ வாடகைகூடத் திரும்பாது. மிஞ்சியதை வற்றல் போட்டவர்கள் இப்போது ஃபிரீசரில் வைக்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் குளிர் கிருமியைக் கொல்வதில்லை. வளரவிடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே.

உரித்த மொச்சையை அப்படியே கட்டி வைத்தால் சில வாரங்களில் நிறம் மங்கும், ருசி கெடும். காயிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்வதுதான் காரணம். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் கொட்டி, மறுபடி கொதி வந்ததிலிருந்து 2, 3 நிமிடம் விடுங்கள். உடனே வடித்து, அதே அளவு நேரம் ஐஸ் தண்ணீரில் போடுங்கள். துணியில் பரப்பி ஈரம் போனதும், ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும் அளவு மட்டும் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, தேதி எழுதி வையுங்கள். தக்காளிக்கு இந்தப் பாடு வேண்டாம்; கழுவித் துடைத்து முழுசாகவே வைக்கலாம், ரசத்துக்கு ஆகும். வெள்ளரிக்காய் தளர்ந்து கூழாகிவிடும்.

மைனஸ் 18 டிகிரி நிலைத்து நின்றால் 8 மாதத்துக்குமேல் தாங்கும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அவ்வளவு குளிராது. அதில் வைத்ததை ஓரிரு மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள்.

பெரிய ஆபத்து, கரண்ட் போவது. கதவைத் திறக்காவிட்டால் நிறைந்த டீப் ஃபிரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஐஸ் பெட்டிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஊருக்குப் போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

மின்தடைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த கால அளவுக்குள் சரிசெய்யாவிட்டால் இழப்பீடு பெற 2020-ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் இடமிருக்கிறது. மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுக்கலாம்.

புது ஃபிரிட்ஜே குளிராவிட்டால்? பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், கையில் இருப்பது வெறும் எஸ்டிமேட் சீட்டு. பில் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். முத்திரையிட்ட வாரண்டி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். கடையும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கடையில் உறைந்த பட்டாணி வாங்கினால், பையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பட்டாணி ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் நடுவில் உருகியிருக்கக்கூடும், வாங்க வேண்டாம். பட்டாணியைத் தண்ணீரில் போட்டு அரை மணி வைத்தபின் பச்சைச் சாயம் இறங்கினால், மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படத்தோடு புகார் அனுப்புங்கள்.